கொடுத்துவிட்ட ஏழு நிமிடம்

மன்னார்த் தீவின் பேசாலையில் கருவாடு போடும் பெண்களின் சங்கத்துக்குப் பல வருடங்களாகத் தலைவியாக இருந்தவள் பெற்றிசியா. எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் பயமில்லாமல் கதைப்பாள் என்று பெயர் எடுத்தவள். கடந்த தேர்தலில் கட்சிக்கு மன்னாரிலிருந்து ஒரு பெண் தேவைப்பட்டாள். கட்சியே பாராளுமன்றத்துக்கு ஆள் நியமிக்கும் தேசியப் பட்டியலில் அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது. ஊர் வெடி கொளுத்தி, மாலை போட்டு, அவளைக் கொழும்புக்கு அனுப்பிவைத்தது.

போன பிறகுதான் அவளுக்கு ஒன்று விளங்கியது. பாராளுமன்றத்தில் கையை உயர்த்தினால் பேசிவிட முடியாது. ஒவ்வொரு விவாதத்துக்கும் கட்சிக்கு இவ்வளவு நேரம் என்று ஒதுக்குவார்கள். அதில் யாருக்கு எத்தனை நிமிடம் என்று பிரிப்பவர் கட்சியின் கொறடா. பெரும்பங்கு தலைவருக்கு. அடுத்தது மூத்தவர்களுக்கு. மிச்சம் ஏதும் கிடந்தால் அவளைப் போன்றவர்களுக்கு.

கடற்றொழில் அமைச்சின் செலவினங்கள் பற்றிய விவாதம் வந்தபோது, கொறடாவின் பின்னால் அலைந்து ஏழு நிமிடம் வாங்கினாள். இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போவதைப் பற்றித்தான் பேச இருந்தாள். அவளுடைய மாமன் மகள் யசிந்தாவின் வீட்டில் அப்படித்தான் இருந்த வலையெல்லாம் போயிருந்தது. சொந்தப் படகு கரையில் கிடக்க, யசிந்தாவின் புருஷன் றொகான் வேறு ஆட்களின் படகில் கூலிக்குப் போய்வந்தான். அந்தக் கதையைப் பெயர் சொல்லிச் சபையில் சொல்லட்டுமா என்று பெற்றிசியா கேட்டபோது, றொகான் முதலில் சம்மதிக்கவில்லை. தன் கஷ்டம் ஊருக்கு வெளியே போவது அவனுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில், மற்றவர்களுக்கும் உதவுமென்றால் சொல்லுங்கோ என்றான்.

விவாதத்தன்று சங்கத்துப் பெண்களெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு யசிந்தாவின் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் கூடியிருந்தார்கள். கொழும்பில் பெற்றிசியா எழுதி வைத்ததை மடியில் வைத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொறடா அவளுடைய கதிரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். அவளைவிட வயதில் இளையவர், மரியாதையானவர். எதிர்த்தரப்பில் ஒருவர் தலைவரைத் தாக்கிப் பேசிவிட்டாராம். தலைவர் பதில் சொல்லியே ஆக வேண்டுமாம்.

“அக்கா, உங்கட நேரத்தைத் தலைவருக்கு விடுவம். எழுதினதைச் சபையில குடுத்தா ஹன்சாட் பதிவில வரும்தானே.”

அடுத்த முறை பட்டியலில் இடம் இருக்காது என்று அவர் சொல்லவில்லை. அதை அவளே நினைத்துக்கொண்டாள்.

“ஓம் தம்பி,” என்றாள். சொன்னதோடு சிரிக்கவும் செய்தாள்.

தலைவர் எழும்பிப் பேசினார். யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள், யார் எந்தக் கூட்டணியிலிருந்து எப்போது விலகினார்கள் என்று பேசினார். கடல் என்ற சொல் ஒரு தரமும் வரவில்லை. முடித்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் மேசையில் தட்டினார்கள். பெற்றிசியாவும் தட்டினாள்.

பின்னேரம் யசிந்தா தொலைபேசி எடுத்தாள். என்ன நடந்தது, ஏன் உன் பெயர் வரவில்லை என்று கேட்டாள். சபையை நடத்திய தவிசாளர் நேரம் தரவில்லை என்று பெற்றிசியா சொன்னாள். யோசித்துச் சொன்ன பொய்யல்ல, வாயில் தானாக வந்தது. யசிந்தா உடனே நம்பிவிட்டாள். அழாதே, சாப்பிடு என்று அவளைத் தேற்றவும் செய்தாள்.

வார இறுதியில் ஊருக்கு வந்தபோது, அந்தப் பொய் அவளுக்கு முன்பே ஊரெல்லாம் சுற்றி முடித்திருந்தது. எங்கள் பிள்ளையின் வாயை அடைத்துவிட்டார்கள் என்று பெண்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் போராட்டம் என்று தீர்மானமாகியிருந்தது. கொறடாவும் எப்படியோ கேள்விப்பட்டுத் தொலைபேசி எடுத்தார். பழி தவிசாளருக்குத்தான், கட்சிக்கு நல்ல விஷயம், பத்திரிகைக்காரரையும் அனுப்புகிறேன், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், சும்மா நின்றால் போதும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில், பொய்யை மனதில் வைத்துக்கொண்டு நற்கருணை வாங்க அவள் எழும்பவில்லை. வெளியே வந்தபோது பெண்கள் வரிசையாக நின்றார்கள். ‘எங்கள் பெண்ணைப் பேச விடு’ என்று பெரிய எழுத்தில் எழுதிய சீலையை விரித்துப் பிடித்திருந்தார்கள். அதன் ஒரு நுனி றொகானின் கையில் இருந்தது. கூட்டம் என்றால் ஒதுங்கிப் போகிறவன், அவளுக்காக வந்து நின்றான். அதைக் கண்டதும் அவள் வரிசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“என்னை ஒருத்தரும் மறிக்கேல்லை,” என்றாள். “கட்சி என்ர நேரத்தைத் தலைவருக்குக் கேட்டது. நான் ஓம் எண்டு குடுத்தனான். உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன்.”

யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். யசிந்தா வரிசையை விட்டு முன்னுக்கு வந்தாள்.

“தலைவர் பேசி முடிய நீ மேசையில தட்டினதைக் கண்டனாங்கள். மனம் நொந்துகொண்டு தட்டுறாய் எண்டு நினைச்சம்.”

றொகான் சீலையைச் சுருட்டி, அதைச் சங்கத்துப் பெண் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போனான்.

அதற்குப் பிறகு கொறடா அவளுக்கு நேரம் ஒதுக்கவில்லை. கேட்கும்போதெல்லாம், பார்ப்போம் அக்கா என்பார். கட்சியைக் கேட்காமல் உறுப்பினர் ஒருவர் செய்யக்கூடியது ஒன்று இருந்தது: அமைச்சரிடம் வாய்மூலக் கேள்வி கேட்பது. அறுந்த வலைகளுக்கு நட்டஈடு உண்டா என்று அவள் ஒரு கேள்வியைக் கொடுத்தாள். ஊரில் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு, ஆராயப்பட்டு வருகிறது என்று பதில் வந்தது. றொகான் இன்னமும் கூலிக்குத்தான் போகிறான்.

ஊருக்கு வரும் நாட்களில் பெற்றிசியா பெண்களோடு சேர்ந்திருந்து மீன் கிழித்து உப்புப் போடுகிறாள். யசிந்தா அவளோடு கதைக்கிறாள். மீன் விலை, பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாம் கதைக்கிறாள். பாராளுமன்றத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் கேட்பதில்லை. பெற்றிசியா வீட்டுக்குள் நுழையும் நேரம் தொலைக்காட்சியில் விவாதம் ஓடினால், யசிந்தா எழும்பிப் போய் அதை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி போடுவாள். மச்சாளுக்கு நோகக்கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறாள். அது பெற்றிசியாவுக்கும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணியைக் குடிப்பாள்.