நாங்கள் நீக்கச் சொன்ன பாடம்

மூன்று வருடங்களுக்கு முன், வெள்ளவத்தையில் காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த தனியார் கல்லூரியில் கணினிப் பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் கட்டாயம் எடுக்கவேண்டிய பொதுப் பாடங்களில் ஒன்று முதலுதவி. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வகுப்பு. கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் ஏறி வந்தால், ஒரு ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கச் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நானே ஒரு மனு எழுதினேன். கணினி படிக்க வந்தவனுக்கு இது எதற்கு என்று கேட்டு, வகுப்பு முழுக்கக் கையெழுத்து வாங்கினேன். வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் உட்காருபவன் மட்டும் போடவில்லை. கல்கிசையிலிருந்து வருபவன், என் நெருங்கிய நண்பன்.

“இருக்கட்டும் மச்சான், நல்ல பாடம்தானே” என்றான்.

“ஓம், டொக்டர் ஐயாவுக்கு நல்ல பாடம்தான்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

பாடத்தை நிறுத்திவிட்டார்கள். நான் ஏதோ பெரிய போராட்டம் வென்றவன் மாதிரித் திரிந்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். இடைவேளையில் கன்டீனில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவன் கையிலிருந்த கோப்பை விழுந்தது. பின்னாலேயே அவனும் விழுந்தான். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. வலிப்பு. “இரும்பு குடுங்கோ!” என்று யாரோ கத்தினார்கள். வீட்டுச் சாவிகள் தொங்கிய என் திறப்புக் கோர்வையை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி அழுத்தினேன். இரண்டு பேர் அவன் காலில் ஏறி இருந்தார்கள். நாக்கைக் கடித்துவிடுவான் என்று பயந்து, ஒரு கரண்டியைப் பல்லுக்குள் திணித்தேன்.

வலிப்பு தானாகவே நின்றது. எங்களால் அல்ல. எங்களால் நடந்தது ஒன்றுதான்: அவனுடைய முன்பல் உடைந்தது.

அவனுக்கு நினைவு நன்றாகத் தெளிந்த பிறகு ஓட்டோவில் பல் டொக்டரிடம் கூட்டிப்போனேன். வாயில் என் லேஞ்சித் துணியைப் பொத்திக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் விடவில்லை.

“சின்ன வயசில இருந்து இருக்கு மச்சான். மருந்து எடுக்கிறன். உங்களிட்டச் சொல்ல வெக்கம். அந்த வகுப்பில மிஸ் வலிப்பையும் சொல்லித் தருவா எண்டு இருந்தன். நான் வாய் திறக்காமலே நீங்கள் படிச்சிடுவீங்கள்தானே.”

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை வெற்று வகுப்பறையில் பேப்பரை விரித்து அவனே தரையில் படுத்தான். நாங்கள் நாலு பேர் சுற்றி இருந்தோம். “பக்கவாட்டில திருப்பு. தலைக்குக் கீழ பையை வை. அமத்திப் பிடிக்காத. வாயில ஒண்டும் வைக்காத. அஞ்சு நிமிசத்தில நிக்காட்டி அம்புலன்ஸுக்கு அடி” என்று சொல்லித் தந்தான். பிறகு என்னைப் பார்த்து, “திறப்பு எதுக்கடா தந்தனீ? நான் என்ன அலுமாரியா?” என்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பழகினேன்.

கல்லூரியில் எது கட்டாயப் பாடமாக இருக்கவேண்டும் என்று யாராவது வாதாடினால் இப்போதும் எனக்குக் கோபம் வரும்; ஆனால் அந்தக் கோபம் என் மேல்தான். எனக்கு இது தேவையா என்று மட்டும் கேட்டேன்; பக்கத்துக் கதிரையில் இருப்பவனுக்குத் தேவையா என்று கேட்கத் தெரியாத அளவுக்குத்தான் நான் படித்திருந்தேன்.