வெள்ளம் உண்டு

என் ஆயுளில் நான் குதிரை ஏறியது ஒரே ஒரு வாரம்தான். அந்த வாரத்தைப் பற்றி யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் வீட்டுக்காரரைக் குறை சொன்னதாகிவிடும். அவர் இருந்தவரை அதற்கு எனக்கு வாய் வரவில்லை. இப்போது வருகிறது.

ஐம்பதுகளின் கடைசியில் கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தேன். பிறந்தது ஆலங்குளத்துப் பக்கம் ஒரு கரிசல் ஊர். அங்கே ஓடை என்றால் வருஷத்தில் பத்து மாசம் மணல்தான். அவர் காட்டிலாகாவில் ரேஞ்சர். மாசத்தில் பாதி நாள் குதிரையும் டேராவுமாக மலைமேல் இருப்பார். நான் குவார்ட்டர்ஸில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெண் பார்க்க வந்தபோதே என் அப்பா, "புள்ளை டீச்சர் டிரெய்னிங் முடிச்சிருக்கு, வேலை கெடைச்சா அனுப்பணும்" என்று கேட்டிருந்தார். இவரும் சபையில் வைத்துத் தலையாட்டியிருந்தார். அதை நம்பித்தான் நான் கழுத்தை நீட்டினேன்.

ஆர்டர் ஒரு ஆனி மாசம் வந்தது. தென்காசியிலேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் வந்து சேர வேண்டும், தவறினால் வேலை பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும் என்று போட்டிருந்தது. அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். "ரொம்ப சந்தோசம்" என்றார். மறுநாள் அவராகவே கேட்டார்.

"புதன்கெழமை கேம்ப் போறேன். நீயும் வருதியா? வேலையில சேந்துட்டேன்னா பெறகு எங்க வரப்போற? சனிக்கெழமை எறங்கிரலாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மனுஷன் தங்கம் என்று நினைத்தேன்.

குற்றாலத்துக்கு மேலே, காட்டுக்குள் நாலு மணி நேர வழி. அவருக்கு ஒரு செவலைக் குதிரை, எனக்கு ஒரு வயசான பெட்டைக் குதிரை, டேராவும் பாத்திரமும் சுமக்க ஒரு மட்டக்குதிரை. குதிரைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் கூட வந்தார். ஆரியங்காவுக்கு அந்தப் பக்கத்து மனிதர், ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். என் குதிரை பெரிய கள்ளி. வயிற்றில் வார் கட்டும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்ப வைத்துக்கொள்ளும். கட்டி முடித்ததும் மூச்சை விடும், சேணம் சரியும். குதிரைக்காரர் அது மூச்சு விடுகிறவரை காத்திருந்து இன்னொரு துளை இறுக்குவார்.

மேலே போய்ச் சேர முக்கால் மணி நேரம் இருக்கும்போது ஒரு ஓடையைத் தாண்ட வேண்டியிருந்தது. குதிரைக்கு முட்டளவு தண்ணீர். கரையில் சரிந்து நின்ற பாறைக்கு அடியில் என் குதிரை நின்று, ஆற அமரச் சாணம் போட்டுவிட்டுத்தான் தண்ணீரில் கால் வைத்தது. நான் சிரித்த சிரிப்பில் விழப் பார்த்தேன். வீட்டுக்காரரும் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை நன்றாகவே போனது. சேலையைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மரங்களுக்கு நடுவே சவாரி போனேன். வெள்ளிக்கிழமை காலையில் சாரல் பிடித்தது. மழை என்றும் சொல்ல முடியாது, நின்றது என்றும் சொல்ல முடியாது. பத்தடிக்கு அப்பால் வெறும் வெள்ளை மஞ்சு. டேராத் துணி நனைந்து தொங்கியது. விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. காலில் ஏறிய அட்டையைப் புகையிலை வைத்துத் தேய்த்து எடுப்பதே வேலையாக இருந்தது. கீழே எங்கேயோ அருவி ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் என் பையைக் கட்டி வைத்தேன். "மஞ்சா இருக்கு, பாப்பம்" என்றார். மத்தியானம் அந்தக் குதிரைக்காரரைக் கூப்பிட்டு என்னவோ தணிந்த குரலில் சொல்லி, குதிரைகளோடு கீழே அனுப்பினார். ஓடையைப் பார்த்துவரத்தான் அனுப்புகிறார் என்று நானும் காத்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து அந்த மனிதர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார்.

"வெள்ளம் உண்டு சாரே" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டியா?" என்றார். குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

நான் பையை அவிழ்க்கவில்லை. அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன். டேராவுக்குள் எனக்கு மூச்சு முட்டியது. குவார்ட்டர்ஸில் சுவராவது இருந்தது, இங்கே வெறும் ஈரத் துணி, ஆனால் வெளியே போக வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் அளவு எடுக்கிற வேலையாக மேலே போனதும், நான் என் கள்ளிக் குதிரைக்குக் கடிவாளம் போட்டுத் தனியாகக் கீழே கிளம்பிவிட்டேன். கண்ணால் பார்க்காமல் மனசு அடங்கவில்லை. முக்கால் மணி நேரம் வந்திருப்பேன். ஒரு வளைவில் இரைச்சல் பலமாகக் கேட்டது. மஞ்சில் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளம்தான் வருகிறது என்று பயந்துபோய்க் குதிரையைத் திருப்பிவிட்டேன். கரிசல் காட்டுக்காரிக்கு அருவிச் சத்தம் எது, ஓடைச் சத்தம் எது என்று எப்படித் தெரியும்? டேராவுக்கு வந்து குதிரைக் கழுத்தில் முகத்தை வைத்து அழுதேன். அது கொள்ளு கேட்டுக் காலைத் தட்டிக்கொண்டு நின்றது.

திங்கட்கிழமை பத்து மணியை அவர் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். பத்தேகாலையும் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை. சாயங்காலம் அவராகவே, "நாளைக்கு எறங்கிருவோம்" என்றார். சாரல் அப்போதும் விடவில்லை. அது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை இறங்கினோம். நான் திரும்பி வந்த வளைவைத் தாண்டியதுமே ஓடை வந்துவிட்டது. தண்ணீர் குதிரைக்கு முட்டளவுதான். கரையோரம், சரிந்த பாறைக்கு அடியில், புதன்கிழமை என் குதிரை போட்ட சாணம் போட்டபடியே கிடந்தது. வெள்ளம் வந்திருந்தால் அது முதலில் போயிருக்கும். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் குதிரைக்காரரிடம் சொன்னார். களைப்பில், யோசிக்காமல் சொன்னார்.

"கொறச்சு வெள்ளம் எடுக்கு."

அந்த மனிதர் பித்தளைச் செம்பை ஓடையில் முக்கி, குடிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். இவர் அண்ணாந்து குடித்தார்.

குதிரைக்காரரிடம் கேட்டேன், "அன்னைக்கு வெள்ளம் உண்டுன்னு சொன்னீங்களே, என்னத்தைச் சொன்னீங்க?"

அவர் புரியாமல் விழித்தார். "உண்டல்லோ அம்மே, நல்ல வெள்ளம். குதிரைகளு வயறு நெறச்சு குடிச்சு. வெள்ளம் உண்டோன்னு நோக்கான் சார் அல்லே பறஞ்சது?"

குதிரைக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இவர் அவரை அனுப்பியிருக்கிறார். அவர்கள் மலையாளத்தில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். மலைக்கு அந்தப் பக்கம் இரண்டு வருஷம் வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது என்பதும் தெரியும். அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. 'கேட்டியா' என்றார், நான் கேட்டேன், அவ்வளவுதான்.

குதிரையைத் தட்டிவிட்டேன். அது வயசுக்கு மீறி ஓடியது. மலை இறங்கி, குற்றாலம் ரோட்டில் குளிக்க வந்த கூட்டமெல்லாம் வாய் பிளக்க, நனைந்த சேலையும் அட்டை கடித்த காலுமாகத் தென்காசிப் பள்ளிக்கூட வாசலில் போய் இறங்கினேன். பெரிய டீச்சர் வெளியே வந்து என்னையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தார். ஆர்டரை நீட்டினேன். ஈரத்தில் எழுத்தெல்லாம் கரைந்திருந்தது.

"நேத்து பத்தரை மணி வரைக்கும் பாத்தோம்மா. அடுத்த பிள்ளை வந்து சேந்துட்டாளே" என்றார். நல்ல மனுஷி, உள்ளே வந்து உட்காரச் சொன்னார். உள்ளே ஒரு வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் எனக்கு முன்பே வந்து நாற்காலியில் இருந்தார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாயேன்" என்றார்.

தமிழில் கேட்டார். நான் எழுந்திருக்கவில்லை.