எல்லையில் நான் பேசிய இந்தி

நேபாளத்துக்குப் போக நமக்கு பாஸ்போர்ட் கட்டாயமில்லை. வாக்காளர் அட்டை இருந்தால் போதும். பதினைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆதாரே போதும். பதினொரு வயதில் எங்கள் குடும்பத்தில் இதைத் தெரிந்து வைத்திருந்தது நான் ஒருத்திதான். போதாததற்கு இந்திப் பரீட்சை வேறு இரண்டு பாஸ் பண்ணியிருந்தேன். என் தலைக்கனத்தைக் கேட்க வேண்டுமா?

பெரியப்பா கம்பத்தில் ஜீப் ஓட்டினார். ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு வழியாக மலையேறி, கேரளாவில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவார். பின்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறவர்களில் பெரியம்மாவும் ஒருத்தி. செக்போஸ்ட்டில் பெரியப்பா ஒரு கையை வெளியே நீட்டி ஆட்டுவார், தடுப்புக் கம்பு மேலே போகும். அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் எல்லை என்றால் அதுதான்.

அந்த வருடம் ஊரிலிருந்து ஒரு கூட்டம் காசிக்கும், அங்கிருந்து பஸ் பிடித்து நேபாளத்தில் இருக்கும் முக்திநாத்துக்கும் கிளம்பியது. முக்திநாத் ஆசை பெரியம்மாவுடையது. அங்கே கோயிலைச் சுற்றி நூற்றெட்டுத் தாரைகளில் தண்ணீர் கொட்டுமாம், அதில் ஒரு தடவையாவது நனைந்துவிட வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியப்பா துணைக்கு. நான் மொழிபெயர்ப்பாளர்.

கிளம்புவதற்கு முதல் நாள் பெரியம்மா வாக்காளர் அட்டையைக் கைப்பையில் வைத்தாள். பெரியப்பா அதை எடுத்து வெளியே வைத்தார்.

“தெனமும் பார்டர் தாண்டுறவளுக்கு எதுக்குடி அட்டை? எங்கனயாவது தொலைச்சுட்டு நிப்ப. ஆதார் போதும். அத பீரோவுல வையி.”

டூர் கூட்டிப்போகிறவர் சொல்லியிருக்கிறாரே என்று நான் இழுத்துப் பார்த்தேன். இருபது வருசமா ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு நீ பார்டர் சொல்லித் தர்றியாக்கும் என்று என் வாயை அடைத்தார். பெரியம்மா அட்டையை பீரோவில் வைத்தாள்.

கோரக்பூர் தாண்டி எல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். அங்கே சில நாள் கேட்பார்களாம், சில நாள் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்களாம். நாங்கள் போனது கேட்கிற நாள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி என் ஆதாரைப் பார்த்தார், என் மூஞ்சியைப் பார்த்தார், போ என்று தலையசைத்தார். பெரியம்மாவின் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது ஆகாது, வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ வேண்டும் என்றார். நான் கணீரென்று தமிழில் சொன்னேன். பெரியம்மா ஆதாரை வாங்கிக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். மூடிய பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரியப்பா அவளைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“ஏ புள்ள, என்னோடதும் வீட்லதான் கெடக்குன்னு அவர்ட்ட சொல்லு. நாங்க ரெண்டு பேரும் இங்கனயே இருந்துக்கிறோம். நீ மத்தவுகளோட போயிட்டு வா.”

பெரியம்மா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானையை வாயில் வைத்து மறைத்தாலும் அவள் சிரித்தது எனக்குத் தெரிந்தது. பெரியப்பாவின் மறதிக்குத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

ஆனால் அட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியுமே! லைசென்ஸ், ஆர்சி புக், வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பது டிரைவர்களின் வழக்கம். காலையில் டீக்கடையில்கூடப் பார்த்தேன். பாவம், மறந்துவிட்டார். நான் ஒருத்தி இல்லையென்றால் இந்தக் குடும்பம் என்னத்துக்கு ஆகும்? ஆண்பால் பெண்பால் பிசகாமல், ஐயா, என் பெரியப்பாவுக்கு நினைவில்லை, அவருடைய அட்டை அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது என்று சுத்தமான இந்தியில் சொன்னேன்.

அதிகாரி சிரித்துக்கொண்டே பேனாவால் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். பெரியப்பா கவரை எடுத்தார். வரிசையில் நின்ற எங்கள் ஊர்க்காரர் ஒருவர் விடவில்லை.

“என்னண்ணே, பொண்டாட்டிய விட்டுட்டு வர மனசு வரலையாக்கும்?”

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் நாலு பேர் முன்னால் ஒருவர் பெண்டாட்டியைத் திட்டலாம், தப்பில்லை. இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது. அதெல்லாம் ஒன்றுமில்லை என்று முணுமுணுத்தபடி பெரியப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு விறுவிறுவென்று பஸ்ஸைப் பார்த்து நடந்தார். போயிட்டு வாங்க, நான் இருந்துக்கிறேன் என்று பெரியம்மா அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

ஐந்து நாள் அவள் எல்லைப் பக்கத்துச் சத்திரத்தில் தனியாகக் கிடந்தாள். அவளுக்குத் துணையாக இருந்திருக்கக்கூடிய ஒரே இந்தியும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட வெட்கம் என்று நினைத்து, பெரிய மனசு பண்ணி அவரை மன்னித்துவிட்டேன்.

முக்திநாத்தில் ஆளாளுக்குக் கூச்சல் போட்டுக்கொண்டு தாரைகளுக்கு அடியில் ஓடினார்கள். பெரியப்பா ஓரமாக நின்று ஒரு கேனில் தண்ணீர் பிடித்தார். ஒரு சொட்டுகூடத் தன் தலையில் விட்டுக்கொள்ளவில்லை.

திரும்பி வந்தபோது பெரியம்மா சத்திரத்து வாசலில் நின்றிருந்தாள். ஐந்து நாளும் கை நீட்டிக் காட்டி வாங்க முடிந்த வாழைப்பழமும் டீயும்தான் சாப்பாடு என்று கன்னத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பெரியப்பா கேனை நீட்டினார்.

“குளிச்சீகளா?” என்று கேட்டாள்.

“ம். நல்ல குளிரு.”

நான் வாயைத் திறந்தேன். பெரியம்மா என் வாயைப் பொத்தினாள்.

“போதும் ஆத்தா நீ பேசுனது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடந்ததைச் சொன்னால் கோபப்படுகிறவர்களோடு என்ன யாத்திரை என்று ஊர் வந்து சேரும்வரை இரண்டு பேரிடமும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் அந்த அட்டையை அன்று காலையில் எடுத்து வைத்ததே பெரியம்மாதான் என்பதோ, கல்யாணமான நாளிலிருந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத மனிதர் அன்றைக்குத்தான் அவளுக்கு ஒன்று சொன்னார் என்பதோ, அதை அவள் அரை நிமிடம்கூடக் கேட்டுக்கொண்டிருக்க நான் விடவில்லை என்பதோ அப்போது எனக்குத் தெரியவில்லை.