இரண்டு ஊருக்கும் பொதுவான சுபானி

காலையில் கிர்ஷ்லிங் பேக்கரியில் ஒரு பிறெட்சல், அதுதான் அந்த முறுக்குப் பாண், வாங்கிக் கடித்தால், மத்தியானம் பாலத்தைத் தாண்டி ஓடன்ஹாம் பேக்கரியிலும் ஒன்று கடித்தே ஆகவேண்டும் சுபானிக்கு. பசி இருக்கிறதோ இல்லையோ, சீருடையோடு கடைவாசலில் நின்று நாலு பேர் பார்க்கத் தின்னவேண்டும். "ரெண்டு ஊருக்கும் ஒரே பொலிஸ், அண்ணை. ஒரு ஊர்ப் பாணை மட்டும் திண்டனெண்டால் மற்ற ஊர் என்னை உயிரோட விடாது" என்பாள்.

பவேரியாவின் இந்தச் சின்ன ஊர்களுக்குத் தேவாலயம், தீயணைப்புப் படை, காற்பந்துக் குழு எல்லாம் தனித்தனி. பொலிஸ் நிலையம் மட்டும் ஒன்று, பாலத்தடியில். சுபானி கிர்ஷ்லிங்கில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நடையில் அவசரம், சிரிப்பில் அதைவிட அவசரம். ஓடன்ஹாம்காரனான எனக்கு ரோந்துக் காரிலிருந்து கை காட்டுவாள். கிர்ஷ்லிங்கில் இருக்கிற சொந்தத் தகப்பனுக்குக் காட்டமாட்டாள். பாரபட்சம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம்!

ஏப்ரல் வந்தால் இரண்டு ஊருக்கும் பைத்தியம் பிடிக்கும். மே முதலாம் திகதி ஊர் நடுவில் நாட்டுகிற நெடுமரத்தை, அதற்கு முன் பக்கத்து ஊர்க்காரர் களவெடுக்கலாம். அது வழக்கம், குற்றமில்லை. பறிகொடுத்தவர்கள் பியரும் விருந்தும் கொடுத்து மீட்கவேண்டும். ஆனால் ஊர் எல்லைப் பலகையைத் தாண்டுமுன் மரத்துக்குரிய ஊர் ஆள் ஒருவர் அதில் கை வைத்துவிட்டால், கள்ளர் மரத்தை இறக்கிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பவேண்டும்.

இந்த முறை கிர்ஷ்லிங் மரத்துக்குக் காவலிருக்கத் தானும் வரட்டுமா என்று சுபானி கேட்டிருக்கிறாள். அந்த ஊர்ச் சங்கத் தலைவர் தோளில் தட்டி, நீ இரண்டு ஊருக்கும் பொது, சரிவராது என்றுவிட்டார். அதை என்னிடம் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "இஞ்ச பிறந்து, இஞ்ச நீந்தப் பழகி, முதற் பல்லும் இஞ்சதான் விழுந்தது அண்ணை. பொலிஸ் உடுப்புப் போட்டவுடனே நான் ஒரு ஊருக்கும் இல்லையாம்." எனக்கு மனசு கேட்கவில்லை.

மனசு கேட்காதவன் என்ன செய்தேன்? அடுத்த ஞாயிறு, கிர்ஷ்லிங் காவல்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து, எங்கள் ஊர்ப் பெடியன்களோடு அந்த மரத்தைத் தூக்கப் போனேன். ஐயோ, என்ன சந்தோசம்! இந்த வயதில் கள்ளனாவதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. மரத்தை ட்ரக்டர் பெட்டியில் ஏற்றி, எல்லைப் பலகை கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்துவிட்டோம். அப்போது பின்னால் ரோந்துக் கார்.

சுபானி இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். "அண்ணை, நீங்களுமோ?"

"ஓம் பிள்ளை. பொலிஸ் இதில தலையிட ஏலாது" என்றேன் வீறாப்பாக.

"ஆர் தலையிட்டது? மரம் வெளியால நீட்டிக்கொண்டு நிக்குது. பின்னுக்குச் சிவப்புத் துணி எங்க? அது இல்லாமல் ரோட்டில போக ஏலாது."

எங்களிடம் துணி இல்லை. தானே காரிலிருந்து எடுத்துவந்து இறுக்கிக் கட்டியும் விட்டாள். எங்கள் தலைவன் லுட்விக்குக் குசி தாங்கவில்லை. பொலிசே கள்ளருக்கு உதவி!

பிறகு அவள் காருக்குப் போய், தனக்கு இப்போது சாப்பாட்டு இடைவேளை என்று கூட வந்த பொலிஸ்காரனிடம் ஜெர்மனில் சொன்னாள். தொப்பியைக் கழற்றி அவன் மடியில் போட்டாள். சீருடை மேற்சட்டையையும் கழற்றிப் போட்டாள். திரும்பி ஓடிவந்து, மரத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். இது எங்கள் மரம், இங்கேதான் நிற்கும் என்று கிர்ஷ்லிங் ஆட்கள் இழுத்துப் பேசுகிற அதே ஜெர்மனில் சொன்னாள்.

லுட்விக் அவளைப் பார்த்தான். பொலிஸ் எல்லாருக்கும் பொது, இது செல்லாது என்று அவன் சொல்லியிருக்கலாம். பெரிதாக ஒரு மூச்சு விட்டான்.

"கிர்ஷ்லிங் ஊர்க்காரி பிடித்துவிட்டாள். இறக்குங்கள்" என்றான்.

முனகிக்கொண்டே கயிறுகளை அவிழ்த்தோம். மரத்தை நாங்கள் மெல்ல மெல்லத் தாழ்த்த, சுபானியும் கூடவே நகர்ந்து, குனிந்து, கடைசியில் புல்லில் குந்திவிட்டாள். கையை மட்டும் எடுக்கவே இல்லை.