தூக்குக் கைதிக்கு நான்தான் வக்கீல்

கிரிமினல் வக்கீலாக இருந்தால் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் உட்காருவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: "தப்புப் பண்ணவன்னு தெரிஞ்சே எப்படிங்க வாதாடுறீங்க?" என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றும் பழக்கம் உங்களுக்கும் இருந்தால், நாம் ஒரே ஜாதி. மேற்கொண்டு படியுங்கள், உங்களுக்குப் புரியும்.

நான் மதுரையில் இலவசச் சட்ட உதவியில் இருக்கும் வக்கீல். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கும், யாரும் வக்கீலாக வர மறுத்தவர்களுக்கும் கோர்ட் எங்களை நியமிக்கும். செல்வம் இரண்டாவது ரகம். வில்லாபுரத்தில் ஒரு வாடகை வீட்டில், தன் மனைவிக்கு முதல் கணவன் மூலம் பிறந்த நாலு வயதுப் பெண் குழந்தையை அடித்துக் கொன்றவன். ஒரே நாளில் நடந்ததல்ல. பல மாதமாக அடித்ததில், ஒருநாள் அந்த உடம்பு தாங்கவில்லை.

எழுந்து நின்றது

செல்வத்துக்காக யாரும் ஆஜராவதில்லை என்று மாவட்டக் கோர்ட்டில் வக்கீல்கள் எல்லோரும் பேசி வைத்திருந்தார்கள். அன்று நான் வேறொரு வழக்கில் வாய்தா வாங்குவதற்காக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீதிபதி சுற்றிப் பார்த்தார். வக்கீல் இல்லாமல் இந்த வழக்கை நடத்த முடியாது, சட்ட உதவியில் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். எழுந்து நின்றேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். நீதிபதி நம்மைப் பார்த்தால் எழுந்து நிற்பது நம் முழங்காலுக்குப் பழகிப்போன விஷயம்.

என் வீட்டுக்காரர் அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். சாயங்காலம் அங்கே போய் விஷயத்தைச் சொன்னேன். வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேரும் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அதில் ஒருவருக்கு அதே வயதில் பெண் குழந்தை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் தரையில் கிடந்த இரும்புத் துருவலைக் காலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "சரி, எடுத்துட்ட. ஒழுங்கா நடத்து. ஆனா ஜெயிச்சிராத."

ஷேர் ஆட்டோ

கோர்ட்டுக்குப் போகும் நாளில் கறுப்புக் கோட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டுதான் ஷேர் ஆட்டோவில் ஏறுவேன். ஒருநாள் வில்லாபுரத்தில் ஒரு அம்மா ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்தார். டிரைவர் அந்தக் கேஸைப் பற்றிப் பேச்செடுத்தார். உள்ளே இருந்த ஆறேழு பேரும் ஆளுக்கொரு தண்டனை சொன்னார்கள். எதிரே இருந்த அம்மாதான் எல்லோரையும்விட சத்தமாகப் பேசினார். அவனை நடுரோட்டில் தொங்கவிட வேண்டும், அவனுக்குப் பரிந்து பேசப் போகிற வக்கீலையும் பக்கத்திலேயே கட்டி வைக்க வேண்டும் என்றார். என்னைப் பார்த்து, "நீங்க எங்கம்மா வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். "இன்சூரன்ஸ் ஆபீஸ்" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தேன். பை மடியில் கனத்தது.

கொஞ்ச தூரத்தில் மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேர்தான். அதுவரை கத்தியவர் குரலைத் தாழ்த்தினார். யாரிடமாவது சொல்லியாக வேண்டும், இன்சூரன்ஸ்காரியிடம் சொன்னால் என்ன என்று நினைத்திருக்கலாம். "நாங்க அவங்களுக்குப் பக்கத்து வீடும்மா. தெனம் கேக்கும், அந்தப் புள்ள அழுகுற சத்தம். என்ன பண்றது, டிவி சவுண்டக் கூட்டி வச்சுக்குவோம்."

மனு போட்டுப் பார்த்தது

மனு போட்டு, செல்வத்தை ஜெயிலில் போய்ப் பார்த்தேன். எப்படி இருப்பான் என்று நான் மனதில் ஒரு உருவம் செய்து வைத்திருந்தேன். வந்தவன் அப்படி இல்லை. பெயிண்டர். ஒல்லி. கைகட்டி நின்றுகொண்டு, உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான். நகக்கண்ணில் இன்னும் நீலப் பெயிண்ட் இருந்தது.

ஏன் அடித்தாய் என்று கேட்டேன். வழக்குக்கு அது தேவையில்லை, எனக்குத் தேவைப்பட்டது. குடித்திருந்தேன் என்பான், பேய் பிடித்தது என்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்பான்னு கூப்புடவே மாட்டேன்னுச்சுக்கா. எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். அவங்க அப்பன் வருவான் வருவான்னே சொல்லிக்கிட்டிருந்துச்சு" என்றான். அவ்வளவுதான் காரணம். பேனாவை மூடி வைத்தேன். வெளியே போய்விட வேண்டும் என்று இருந்தது. அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். எங்கள் தெருவில் யார் வேண்டுமானாலும் கேட்கிற மாதிரி, உண்மையான அக்கறையோடு கேட்டான்: "மொகமெல்லாம் வாடிக் கெடக்கே. சாப்டீங்களாக்கா?"

குறுக்கு விசாரணை

இந்த மாதிரி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவன் தரப்பு வக்கீலுக்கு இருப்பது ஒரே வழிதான், நம் ஆட்களுக்குத் தெரியும். பழியைக் கொஞ்சமாவது வேறு யார் தலையிலாவது இறக்க வேண்டும். எனக்குக் கிடைத்த தலை குழந்தையின் அம்மா ராணி. டவுனில் ஜவுளிக்கடையில் வேலை. புருஷனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்திருந்தாள். கூண்டில் நிற்கும்போதும், கடையில் கஸ்டமர் முன்னால் நிற்பது போலவே இரண்டு கையையும் முன்னால் கோர்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் அடிப்பது உனக்குத் தெரியும்தானே என்று கேட்டேன். தெரியும் என்றாள். நீயும் அடிப்பாய்தானே என்றேன். ஆமாம், ரெண்டு தடவை, அவரு முன்னாடி என்றாள். தெரிந்தும் போலீசுக்குப் போகவில்லை, உன் வீட்டாருக்கும் சொல்லவில்லை, அப்படியென்றால் நீ இப்போது சொல்வதெல்லாம் உன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லும் பொய்தானே என்று குரலை உயர்த்தினேன். எனக்குப் பின்னால் யாரோ 'ச்சீ' என்றார்கள். அவளைச் சொன்னார்களா, என்னைச் சொன்னார்களா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ராணி அழுவாள், நீதிபதி தண்ணீர் கொடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. ரொம்பப் பொறுமையாக, எனக்கு விளங்க வைக்கிற மாதிரி பதில் சொன்னாள்: "மொத ஆளு விட்டுட்டுப் போனப்பவே ஊரு ஒரு பேச்சு பேசுச்சும்மா. ரெண்டாவது ஆளும் போயிட்டா என்ன பேசுமோன்னு பயந்துட்டேன். இப்ப எங்கூட யாருமே பேசுறதில்ல, அதனால பயமும் இல்ல."

பின்வாசல்

செஷன்ஸ் கோர்ட் தூக்குத் தண்டனை கொடுத்தது. அதற்கு முன்னால், தண்டனையைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று செல்வத்திடம் நீதிபதி கேட்டார். என்ன சொல்ல வேண்டும் என்று நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். எல்லாவற்றையும் மறந்துவிட்டு, "நீங்க பாத்துச் செய்ங்கய்யா" என்றான், வீட்டுக்கு என்ன கலர் அடிப்பது என்று கேட்டதுபோல. தீர்ப்பு வாசித்து முடித்ததும் அவனுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தான். நான்தான் பக்கத்தில் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மனிதனிடம் போய், உன்னைத் தூக்கில் போடச் சொல்லிவிட்டார்கள் என்று என் வாயால் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் வெளியே வெடிச்சத்தம் கேட்டது. யாரோ சரம் கொளுத்தியிருந்தார்கள். லட்டு கொடுத்தார்கள் என்று அப்புறம் கேள்விப்பட்டேன்.

நான் முன்வாசல் பக்கம் நடந்தேன். பாதுகாப்புக்கு நின்ற பெண் போலீஸ் ஓடிவந்து கையைப் பிடித்தார். சின்னப் பொண்ணு. கோர்ட் வாசலில் பலதடவை என்னோடு டீ குடித்தவர். காதருகில் சொன்னார்: "பின்பக்கமா போயிருங்கக்கா. அவங்க உங்களையும் அவனையும் ஒண்ணாத்தான் பாக்குறாங்க."

பேனா

அந்த வாரமே ஒரு கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு எதிரே என் வீட்டுக்காரரின் பெரியப்பா. தூக்குத் தீர்ப்பு எழுதியதும் ஜட்ஜ் பேனா முனையை உடைத்தாரா என்று கேட்டார். பக்கத்து இலைக்காரர்களும் சாம்பாரை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். கவனிக்கவில்லை என்றேன். உண்மையாகவே நான் நீதிபதியின் கையைப் பார்க்கவில்லை. செல்வத்தின் மணிக்கட்டில் போலீஸ்காரரின் விரல்கள் எப்படி இறுகின என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எப்படிப் பந்தியில் சொல்வது? பெரியப்பாவுக்கு ஒரே வருத்தம். "இம்புட்டுப் பக்கத்துல நின்னும் அதப் பாக்காம விட்டுட்டியேத்தா."

வாடிப்பட்டிப் பக்கம்

கீழ்க்கோர்ட் தூக்கு என்று சொல்லிவிட்டால் உடனே போட்டுவிட முடியாது. ஹைகோர்ட் அதை உறுதி செய்ய வேண்டும். அங்கே வாதாட ஒரு சீனியரை நியமித்தார்கள். வழக்கை நடத்தியவள் என்பதால் அவருக்கு உதவியாக என்னையும் போட்டார்கள். "அவனப் பத்தி நல்லதா நாலு வார்த்தை வேணும். ஊருக்குப் போய் விசாரிச்சிட்டு வா" என்று சீனியர் அனுப்பினார். வாடிப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, உள்ளே இருக்கும் அவன் ஊருக்குப் போனேன். அவன் பெயரைச் சொன்னதும் டீக்கடையில் பேச்சு நின்றது. அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவர், "அவன் எங்க ஊரே இல்லம்மா" என்றார். கடைக்காரர் நான் குடித்த டீக்குக் காசு வாங்கவில்லை. கிளம்பினால் போதும் என்பதுபோல் கையைக் காட்டினார்.

அவன் அக்கா பாண்டியம்மாள் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார். சேற்றோடு வரப்பில் ஏறி வந்து, கூட நட்டவர்களுக்குக் கேட்காத தூரத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். சின்ன வயதில் அவனை அப்பா தென்னை மரத்தில் கட்டி வைத்து அடிப்பாராமே என்று கேட்டேன். இதுதான் எங்களுக்கு வேண்டிய சங்கதி. இதைச் சொன்னால் நீதிபதிகள் காதுகொடுப்பார்கள். "ஆமா, அடிப்பாரு. என்னையும் அதே மரத்துலதான் கட்டி அடிச்சாரு. எம்பிள்ளைக மேல நான் கை வச்சதில்லயே" என்றார். நான் திரும்பி நடக்க ஆரம்பித்தபோது பின்னாலேயே வந்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "அவன உசுரோட விடச் சொல்லி அய்யாமாருகிட்ட கேளுங்கம்மா. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

மேலூர் ரோட்டில்

மேலூர் ரோட்டில் இருக்கும் ஹைகோர்ட்டில் சீனியர் அருமையாக வாதாடினார். அவன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டது, அப்பாவின் அடி, தென்னை மரம், முன்பு எந்த வழக்கும் இல்லாதது, ஜெயிலில் அவன் நடத்தை. எல்லாம் நான் அலைந்து சேகரித்தவை. பாண்டியம்மாள் கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. நீதிபதிகள் தூக்கை ரத்து செய்து ஆயுள் தண்டனையாக மாற்றினார்கள். சாகும்வரை ஜெயில், இடையில் விடுதலை கிடையாது. சீனியர் என் தோளைத் தட்டினார். எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூக்கில் போட்டால் சரி என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனாலும் அந்த ஒரு நொடி சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், கோட்டைக் கழற்றிக்கொண்டே படியிறங்கினேன்.

கீழே கருப்பசாமி நின்றிருந்தார். குழந்தையைப் பெற்ற அப்பா. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. பொண்டாட்டியையும் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போனவர் என்று கீழ்க்கோர்ட்டில் நானே அவரைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் பிடித்து வந்து, ஹாலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். என்னை நோக்கி வந்ததும் பின்வாங்கினேன். "பயப்படாதீங்கம்மா, சண்டைக்கு வரல" என்றார். தீர்ப்பு என்னவென்று கேட்டார். சொன்னேன். தலையாட்டினார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள அம்புட்டும் இங்கிலீசுல பேசுனாங்க, எனக்கு வெளங்கல. செல்வம் செல்வம்னு நெறைய தடவ காதுல விழுந்துச்சு. எம்பிள்ள பேரு எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், வரவே இல்ல. நடுநடுவுல டிசீஸ்டு டிசீஸ்டுன்னு சொன்னாங்களே, செத்தவங்கன்னு அர்த்தமாமே, அது எம்பிள்ளயத்தானாம்மா?"

வக்கீல் என்றால் வாயை வைத்துப் பிழைப்பவர் என்று ஊரெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு கேஸில் நான் வாயடைத்து நின்ற இடங்களை மட்டும்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.