மாடிக் குளியலறையின் ஒழுக்கு

எங்கள் மாடிக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டியவர் என் கணவரின் அக்காள் மாப்பிள்ளை. வெளியாள் என்றால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இவரை "அண்ணே" என்று கூப்பிட்டு, டீ போட்டுக் கொடுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

தண்ணீர் இறங்காமலிருக்கத் தரையில் கெமிக்கல் பூசினார். அது காய்ந்ததும் தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்து, தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழே கசிகிறதா என்று பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்ட வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. சொன்னேன்.

"எத்தன வீட்டுக்கு ஒட்டியிருக்கேன் தெரியுமா மக்கா? பயப்படாண்டாம்," என்றார். மத்தியானத்துக்குள் பாதித் தரை முடிந்திருந்தது.

குளிக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே கீழே சமையலறைக் கூரையில் மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்தது. கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது மழை ஈரமாக்கும்."

அது மாசி மாதம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அடுத்த முறை பைப்பு வியர்க்கிறது என்றார். அதற்கடுத்த முறை, நாங்கள் அதிகமாகத் தண்ணீர் ஊற்றிக் குளிக்கிறோமாம். குளியலறையில் வேறு என்ன செய்வதாம்?

குவைத்திலிருந்த கணவர் வீடியோ காலில் பார்த்துவிட்டு, "அத்தான் மனசு நோவாம சொல்லு," என்றார். அத்தான் மனசு நோகக்கூடாது. என் மீன்கறிச் சட்டியில் சொட்டலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவில் முடிந்து, கணவரின் அக்காளான மைனியும் அண்ணனும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அவர்கள் வருமுன்பே மாடி ஓட்டையைத் துணி வைத்து அடைத்து, வாளி வாளியாகத் தண்ணீரை நிரப்பியிருந்தேன். சமையலறை மேசையில்தான் சோறு போட்டேன். பாதிச் சாப்பாட்டில் அண்ணனின் வழுக்கைத் தலையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு தட்டில் ஒன்று.

மைனி மேலே பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். "என்னவாக்கும் இது?"

"ஏதோ தண்ணி."

"ஏதோ தண்ணியா? நாளைக்கே உடைச்சு ஒழுங்கா செய்யும்."

மாதக்கணக்கில் என்னால் சொல்ல முடியாததை நான் மோர் ஊற்றுவதற்குள் மைனி சொல்லி முடித்துவிட்டார்.

அண்ணன் உடைத்தார். கெமிக்கலைச் சுவரோரங்களிலும் ஏற்றி, இரண்டு பூச்சு பூசினார். தண்ணீர் கட்டியும் பார்த்தார். கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை. எனக்கும் மனசு ஆறியது, முதல் குளியல் வரைக்கும். இந்த முறை தரையின் வாட்டம் ஓட்டையை விட்டு வாசலைப் பார்த்திருந்தது. ஊற்றிய தண்ணீர் அத்தனையும் படுக்கையறைக்கு வந்தது.

"வாட்டம் கொஞ்சம் மாறிப்போச்சு மக்கா. ஆனா கீழ ஒழுகல்லேல்லா?" என்றார்.

ஒழுகவில்லைதான். வாசலில் பழைய சேலையைச் சுருட்டி அணை கட்டியிருக்கிறேன். யார் குளித்து வந்தாலும் பிழிவது நான்.