நாலாம் மேசைச் சுவிட்ச்

குளிர்காலத்தில் நான் எந்தக் கதவின் கைப்பிடியையும் நேராகத் தொடுவதில்லை. முதலில் சாவியால் தொடுவேன். சாவி நுனியில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், பிறகுதான் கையை வைப்பேன். என் வீட்டுக்காரர் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டார். உனக்கு விசர் முற்றிவிட்டது என்று முன்பெல்லாம் சொல்வார், இப்போது அதையும் சொல்வதில்லை. கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று பொறி பறந்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் அப்படியே நின்றுவிடுவேன். முகமே காணாத ஒரு கிழவி என் முழங்கையைத் தொட்டுக் கூப்பிடுகிறாள் என்று தோன்றும். பட்டப்பகலிலும் தோன்றும்.

சுவிஸில், ஷ்லீரன் என்கிற ஊரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. பல வருடமாக அதே நாலாம் மேசை. நாங்கள் செய்வது சுவிட்ச். லைட் போடுகிற சுவிட்ச் என்று நினைத்துவிடாதீர்கள், உதவிக்கு ஆள் கூப்பிடுகிற சுவிட்ச். லிஃப்டுகளில், முதியோர் இல்லத்துக் குளியலறைகளில் பூட்டுவார்கள். வட்டமான எஃகுத் தகடு, சுற்றிவரச் சிவப்பு வளையம். தகட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பலகையில் சில்லு, அதாவது சிப், ஒன்று இருக்கும். அதைச் சுற்றிச் செப்பில் ஒரு கவசம். வறண்ட குளிரில் நைலோன் கம்பளத்தில் நடந்து வந்து ஒருவர் அந்தத் தகட்டைத் தொட்டால் விரலிலிருந்து பொறி பாயும். கவசம் அதை வாங்கி எர்த் வயருக்கு அனுப்பிவிடும், உள்ளே இருக்கும் சில்லுக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் போன் அடித்தாலும் வேறு மெஷின் ஓடினாலும் தானாக அலறவும் செய்யாது. ஆக, உலகத்தில் ஆர் தொட்டாலும் அது தாங்கும். கவசத்தை மூடுவதற்கு முன்னால், சில்லு அம்மணமாகக் கிடக்கும்போது தொடுகிற ஆள்தான் அதற்கு எமன். அந்த ஆள் நான்.

அதற்காகத்தான் எங்களுக்கு மணிக்கட்டுப் பட்டி தந்திருக்கிறார்கள். இடது மணிக்கட்டில் இறுக்கிக் கட்டி, அதன் வயரை மேசையில் கொளுவ வேண்டும். உடம்பில் சேருகிற மின்சாரம் அதன் வழியே இறங்கிவிடும். பட்டியின் உட்பக்கத்துத் தகடு தோலில் பட வேண்டும், படாவிட்டால் பட்டி கட்டியும் கட்டாத மாதிரித்தான். காலையில் வாசலில் உள்ள பெட்டியில் விரலை வைத்தால் பச்சை எரியும். சிவப்பு எரிந்தால் உள்ளே போக முடியாது. நான் சேர்ந்த புதிதில் பயிற்சி தந்த சுவிஸ்காரி ஒன்று சொன்னாள். பொறி பட்டு அந்த இடத்திலேயே சாகிற சில்லால் கரைச்சல் இல்லை, குப்பையில் போட்டுவிடலாம், காயத்தோடு தப்புகிற சில்லுதான் பொல்லாதது என்றாள். அது எல்லாச் சோதனையிலும் பாஸ் பண்ணி வெளியே போகுமாம், பிறகு ஒருநாள் தேவைப்படுகிற நேரத்தில் வாயை மூடிக்கொள்ளுமாம். அந்தக் காயத்தை உண்டாக்குகிற பொறி எங்கள் விரலுக்குத் தெரியக்கூடத் தெரியாதாம். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு கையெழுத்தும் போட்டேன்.

இனி நான் செய்த திருவிளையாடலைச் சொல்கிறேன்.

வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஒபரேஷன் நடந்த வருடத்திலிருந்து கந்தசஷ்டி விரதம் பிடிக்கிறேன். பூம்ப்ளிஸ் பக்கம் உள்ள கோயிலில் என் சிநேகிதியோடு சேர்ந்து காப்புக் கட்டுவது வழக்கம். நாங்கள் இருவரும் ஒரே வருடம் இந்த நாட்டுக்கு வந்து, அகதி முகாமில் ஒரே அறையில், மேல் கட்டில் கீழ் கட்டிலாகப் படுத்தவர்கள். அவள் இப்போது ஓஸ்டர்முண்டிகனில் இருக்கிறாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ஞாயிறு பின்னேரம் ஒரு மணி நேரம் போனில் கதைக்காவிட்டால் இரண்டு பேருக்கும் சோறு செமிக்காது.

இது நடந்த வருடம் விரதத்தின் முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெண்களுக்குக் காப்பு இடது கையில். விரதம் முடியும்வரை கழற்றக்கூடாது. திங்கள் காலை வாசல் பெட்டியில் விரலை வைத்தேன், சிவப்பு. மஞ்சள் பூசிய தடித்த நூல், மூன்று சுற்று, பட்டியின் தகட்டுக்கும் தோலுக்கும் நடுவில் கிடந்தது. நூலை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்ப வைத்தேன், பச்சை. மேசையில் இருந்து அரை மணி நேரம் ஆகவில்லை, நூல் இறங்கிப் பட்டிக்குக் கீழே போய்விட்டது. நான் கண்டேன். கண்டும் பேசாமல் இருந்தேன். பட்டியை வலது கையில் கட்டினால் சோல்டர் பிடிக்கும்போது வயர் இழுபடும். காப்பைக் கழற்றவும் மனம் வரவில்லை. செஃபிடம், அதுதான் எங்கள் பகுதி மேலதிகாரியிடம், சொல்லியிருக்கலாம். இந்தச் சனத்துக்கு எப்போதும் ஒரு சாமிக் கதை என்று அந்த மனுஷன் நினைத்துவிடுவாரோ என்று எனக்கு ஒரு கண்டறியாத ரோஷம். ஐந்து நாளும் அப்படியே வேலை செய்தேன். வயிறு காலி, வாயில் முருகா முருகா, கையில் பட்டி சும்மா அலங்காரத்துக்கு. அந்த ஐந்து நாளும் செய்த சுவிட்ச் ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் என் மேசை நம்பரையும், வருடத்தில் எத்தனையாவது வாரம் என்ற கிழமை நம்பரையும் ஒட்டினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் சோதனையில் பாஸ். சூரன் போர் முடிந்தது, பாரணை முடிந்தது, காப்பை அவிழ்த்தேன், மறந்தும் போனேன்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு சிநேகிதி போனில் வந்தாள்.  அவள் வேலை செய்கிற மாடியில் ஒரு கிழவி குளியலறையில் விழுந்துவிட்டாளாம். முக்கால் மணி நேரம் குளிர்ந்த தரையில் கிடந்து, பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நாலாம் நாள் செத்துவிட்டாளாம். விழுந்த அன்று காலை வேலைக்கு நின்றது இவள்தான்.

"பட்டன் வேலை செய்யேல்லையடி," என்றாள். "கதவுக்கு மேல லைட் வரேல்லை."

என்ன மாதிரிப் பட்டன் என்று கேட்டேன். வட்டமாக, சில்வர் நிறத்தில், சுற்றிவரச் சிவப்பு என்றாள். எப்போது பூட்டினது என்று கேட்டேன். மார்கழியில்தான் புதிதாகப் பூட்டினவர்கள் என்றாள். காப்போடு வேலை செய்த அந்த ஐந்து நாள் நினைவுக்கு வந்தது. சரியடி, பிறகு எடுக்கிறன் என்று போனை வைத்துவிட்டேன். அவள் ஆறுதலுக்குத்தான் எடுத்தாள், நான் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கிழவி என்னோடுதான் இருந்தாள். வான நீலத்தில் ஒரு கம்பளிச் சட்டை போட்டிருந்தாள் என்று சிநேகிதி பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தாள். அந்த நீலக் கையை நான் எங்கும் கண்டேன். கடையில் பால் எடுக்கும்போது கண்டேன், ரயிலில் கதவு திறக்கும் பட்டனில் கண்டேன். தரையில் கிடந்தபடி கையை மேலே நீட்டித் தகட்டை அமத்துகிறாள், திரும்பத் திரும்ப அமத்துகிறாள், ஒன்றும் எரியவில்லை. எங்கள் கட்டிடத்து லிஃப்டில் இருப்பதும் எங்கள் சுவிட்ச்தான். நான் லிஃப்டை விட்டுவிட்டு ஐந்து மாடியும் ஏறினேன். முழங்கால் நொந்தது, நோகட்டும் என்று ஏறினேன். என்னடி நடந்தது உனக்கு என்று வீட்டுக்காரர் கேட்டார். உங்கட நெஞ்சைப் பாருங்கோ, என்னை விடுங்கோ என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவருக்காகப் பிடித்த விரதம்.

வேலைக்குப் போனாலும் இதே நினைப்புத்தான். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் பட்டியை அவிழ்த்துக் கட்டினேன். எனக்குப் பயமாக இருந்தது, மனதில் பட்டதைச் சொல்கிறேன், வேலை போகும் என்ற பயம் அல்ல. நான் ஒரு மனுஷியைக் கொன்றுவிட்டேனோ என்ற பயம்.

மாசி மாதம் செஃபிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. நூல் எவ்வளவு தடிப்பு, எத்தனை சுற்று, எந்தெந்த நாள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று ஒரு தரம் கேட்டார். வெட்கம் என்றேன். அந்தக் கிழமையில் போன பெட்டிகளைத் திருப்பி எடுப்பதாகவும், இல்லத்துக் குளியலறைச் சுவிட்சைக் கழற்றி அனுப்பச் சொல்லிக் கேட்பதாகவும் சொன்னார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றார். எழும்பும்போது, அடுத்த விரதத்துக்கு முதலே சொல்லு, அந்த ஒரு கிழமை உன்னைப் பொதி கட்டுகிற பகுதிக்கு மாற்றிவிடுகிறேன் என்றார். அவ்வளவுதான், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் கழிவறைக்குள் போய் நின்று அழுதேன்.

அந்தச் சனிக்கிழமை ஓஸ்டர்முண்டிகனுக்குப் போனேன். சுவிட்ச் வேலை செய்யவில்லை என்ற பழியில் பாதி அவள் தலையில் விழுந்திருக்கும், என் பிழையை அவள் ஏன் சுமக்க வேண்டும் என்று ரயிலில் யோசித்துக்கொண்டே போனேன். அவள் குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் கோட்டைக் கூடக் கழற்றவில்லை, காப்பு, பட்டி, ஐந்து நாள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அந்தச் சுவிட்சைப் பழுதாக்கினது நான்தானடி என்றேன். செஃபிடமும் சொல்லிவிட்டேன், அது சோதனைக்கு வரப்போகுது என்றேன்.

அவள் கத்தியை வைத்தாள். அடுப்பை நிறுத்தினாள். கையைத் துடைத்தாள்.

"லைட் வந்தது," என்றாள். "நான் கண்டனான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அந்தக் கிழவி ஒரு நாளைக்கு இருபது தரம் கூப்பிடுகிறவள். தண்ணீர் வேண்டும், ஜன்னலைச் சாத்து, இப்போது என்ன நேரம். ஒவ்வொரு தரம் அமத்தும்போதும் நடைபாதையில் ஒரு மணி கேட்கும், கதவுக்கு மேல் சிவப்பு லைட் எரியும். ஆள் போய் நிறுத்தும்வரை லைட் எரிந்துகொண்டே இருக்கும். அன்று இரண்டு பேர் காய்ச்சல் வருத்தம் என்று வேலைக்கு வரவில்லை, மாடி முழுவதுக்கும் இவள் தனி ஆள். கால் உழைவு தாங்காமல் துணி வைக்கிற அறையில் கொஞ்சம் இருந்தாள். கதவு நீக்கலால் லைட் தெரிந்தது. போகலாம் என்று நினைத்தாள். அதற்குள் வேறொரு அறையில் கூப்பிட்டார்கள், அங்கே போனாள், பிறகு இன்னொரு அறை. கடைசியில் போய்ப் பார்த்தபோது கிழவி தரையில். இவள் முதலில் லைட்டை நிறுத்தினாளாம், அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டாளாம். மேலாளர் வந்து கேட்டபோது லைட் வரவில்லை என்று வாய் தானாகச் சொல்லிவிட்டதாம்.

எனக்கு மூச்சு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது சந்தோஷம்தான். நான் கொல்லவில்லை, என் சுவிட்ச் எரிந்திருக்கிறது. சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடும் என்று திரும்பி நின்றேன். பிறகு கோபம் வந்தது. நான் ஐந்து மாடி ஏறின நாட்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அவளைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல இருந்தது.

அவள் மெல்லிய குரலில் கேட்டாள்.

"நீதான் ஏற்கெனவே சொல்லிப்போட்டியே. உன்னை அவை வேலையால நிப்பாட்டவும் இல்லை. அது அப்பிடியே இருக்கட்டுமன். எனக்கு இந்த வேலை போனால் இந்த வயசில இனி ஆர் தருவினம்?"

நான் அப்போதுதான் கோட்டைக் கழற்றினேன். சோறு போட்டாள், சாப்பிட்டேன். லீக்ஸ் கறியில் உப்பு இல்லை. 

செவ்வாய்க்கிழமை சுவிட்ச் வந்தது. பின்பக்கத்தில் என் மேசை நம்பர், அந்தக் கிழமையின் நம்பர். அது என்னுடைய சுவிட்ச்தான். செஃப் அதைச் சோதனைப் பலகையில் பூட்டி, ஒரு சிவப்பு லைட்டும் கொளுவினார். நீயே அமத்து என்றார், எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பார். எரிந்தால் அவள் துலைந்தாள். எரியாவிட்டால் பழி எனக்கு, ஆனால் அவள் தப்பிவிடுவாள். விரலைத் தகட்டுக்குக் கிட்டக் கொண்டுபோகும்போது, முருகா, எரியக்கூடாது என்று கும்பிட்டேன். பழுதாக்கினேனோ என்று அத்தனை நாள் பயந்து செத்தவள், பழுதாக இருக்கட்டும் என்று கும்பிட்டேன்.

அமத்தினேன். உடனே எரிந்தது.

செஃப் அதைத் திறந்து பூதக்கண்ணாடிக்குக் கீழும் பார்த்தார். கவசம் நேர்த்தி, சில்லில் ஒரு கீறல் இல்லை. இனி நிம்மதியாக இரு என்று என் தோளில் தட்டினார். சுவிட்சில் பிழை இல்லை என்ற அறிக்கை வெள்ளிக்கிழமை இல்லத்துக்குப் போகும் என்றும் சொன்னார். லைட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நிறுத்துங்கோ என்று நான்தான் கேட்டேன்.

அறிக்கை போவதற்கு முன்னால், வியாழக்கிழமை, அவள் தானே போய் மேலாளரிடம் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு என்ன நடந்தது என்பது அவளுடைய கதை, அதை நான் எழுத மாட்டேன். என்னை விட்டுப் போகாமல் நிற்பது செவ்வாய் பின்னேரம் நான் எடுத்த போன்தான்.

"பட்டன் வந்தது," என்றேன். "எரியுது."

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. 

"எத்தினை தரம் அமத்தினனி?" என்று கேட்டாள்.

"ஒருக்காத்தான்."

"அவவும் அண்டைக்கு ஒருக்காத்தான் அமத்தினவ," என்றாள். "ஒரு நாளைக்கு இருவது தரம் அமத்துற மனுஷி. அண்டைக்கு மணி ஒருக்காத்தான் கேட்டது. அவசரமெண்டால் திரும்ப அமத்துவா எண்டு இருந்திட்டன். அதாலதான் நான் போகேல்லை."